மக்கள் ஏத்துக்க மாட்டாங்க சார்

1950இல் அமெரிக்காவின் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்துப் பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தார்கள். லூசில் பால் என்கிற செம்பட்டை முடி நடிகையும் டெஸி அர்னாஸ் என்கிற கியூபாக்காரரும் புருஷன் பெண்டாட்டி என்று சொன்னால் அமெரிக்காவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அந்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்தாண்டு ஆகிக்கொண்டிருந்தது.

1940 நவம்பர் 30ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் கட்டிக்கொண்டவர்கள். ரகசியக் கல்யாணமும் இல்லை, ஊருக்கே தெரியும். ஆனால் குளிர்ந்த அறையில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கல்யாணப் பதிவேடு எல்லாம் ஒரு பொருட்டா? அவர்களிடம் அதைவிடப் பெரிய சான்று ஒன்று இருந்தது. மக்கள் ஏற்க மாட்டார்கள். எந்த மக்கள், எந்த ஊரில், எந்தத் தெருவில் போய்க் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பது அந்த அறையில் மரியாதைக் குறைவு.

அந்தப் புருஷனையும் பெண்டாட்டியையும் வைத்து 1951இல் தொடங்கி 180 எபிசோடுகள் ஓடிய 'ஐ லவ் லூசி'தான் இன்று டிவி நகைச்சுவைத் தொடர்களுக்கெல்லாம் பாட்டி. அது பிறந்த கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக அந்தத் தம்பதியின் திறமையைப் பாராட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அது பிறக்காமல் இருக்க எத்தனை படித்தவர்கள், எத்தனை உயர் சம்பளக்காரர்கள், எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைச் சொல்ல ஆளில்லை. அந்த உழைப்பாளிகளுக்கு ஒரு நன்றியுரை பாக்கி இருக்கிறது.

லூசில் பால் அப்போது சிபிஎஸ் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். 1948 முதல் ஓடிய தொடர். வங்கியில் வேலை பார்க்கும் கணவன், வீட்டில் வம்பிழுக்கும் மனைவி. கணவன் குரல் ரிச்சர்ட் டென்னிங், அசல் வெள்ளை அமெரிக்கக் குரல். இதை அப்படியே டிவிக்குக் கொண்டுபோகலாம் என்று நிறுவனம் ஆசைப்பட்டது. லூசில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கணவனாக என் கணவர் நடிக்க வேண்டும்.

இதில் புரட்சி எதுவும் இல்லை. டெஸி இசைக்குழு நடத்துபவர். குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பார், வீட்டில் தங்குவது அபூர்வம். 1944இலேயே லூசில் விவாகரத்து மனு போட்டு, பிறகு சமாதானமாகியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தால் குடும்பம் தப்பும் என்பதுதான் அந்தப் பெண்ணின் கணக்கு. புருஷன் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒரு பெண்டாட்டி நினைத்தாள். அதற்குக் குறுக்கே ஒரு நாட்டின் மொத்தப் பொதுமக்களையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள் நம் மேசைக்காரர்கள்.

டெஸி யார்? கியூபாவில் சாந்தியாகோ நகர மேயரின் மகன். 1933இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது அப்பா சிறைக்குப் போக, குடும்பம் சொத்தை இழந்து மயாமிக்கு வந்தது. மேயர் வீட்டுப் பிள்ளை அங்கே கேனரிப் பறவைக் கூண்டுகளைக் கழுவிப் பிழைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு பாட்டு, டிரம், பிராட்வே, சினிமா. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். சட்டப்படி அவர் வெள்ளையர்தான், தோலிலும் அவர்களால் குறை காண முடியவில்லை. குறை நாக்கில் இருந்தது. ஆங்கிலம் பேசினால் ஸ்பானிஷ் வாடை அடித்தது. ராணுவத்துக்கு அந்த நாக்கு ஆகும், டிவிக்கு ஆகாது.

அதே சிபிஎஸ் அதே 1951இல் 'ஏமோஸ் அண்ட் ஆண்டி' என்ற தொடரை டிவிக்குக் கொண்டுவந்தது. வானொலியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர்கள் போலக் குரலை இழுத்து இழுத்துப் பேசி இருபது வருஷத்துக்கும் மேலாக நாட்டைச் சிரிக்கவைத்த தொடர் அது. டிவியில் முகம் தெரியுமே என்று கறுப்பு நடிகர்களைப் போட்டார்கள். கறுப்பர்களை முட்டாள்களாகவும் எத்தர்களாகவும் காட்டுகிறது என்று கறுப்பர் உரிமை அமைப்பான என்ஏஏசிபி எதிர்த்துப் போராடியது. அந்த நிகழ்ச்சியை மக்கள் ஏற்பார்களா என்று மேசையில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. வெள்ளைக்காரன் கறுப்பனைப் போலப் பேசிக்காட்டினால் கலை. கியூபாக்காரன் கியூபாக்காரனாகவே பேசினால் வியாபாரச் சிக்கல். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

லூசிலும் டெஸியும் வாதாடவில்லை. தங்கள் பெயர்களைச் சேர்த்து 'டெஸிலு' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1950 கோடையில் மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயார்செய்து பெரிய ஊர்களில் கிளம்பிப் போனார்கள். பெபீட்டோ என்ற ஸ்பானியக் கோமாளி அவர்களுக்கு வித்தை கற்றுக்கொடுத்தார். தொளதொளவென்று ஒரு கோட்டு, நசுங்கிய தொப்பி, கையில் செல்லோ வாத்தியம். வாசிக்க வந்த பெரிய வித்வான் மாதிரி லூசில் மேடையேறி, அந்தச் செல்லோவுக்குள்ளிருந்து சம்பந்தமில்லாத சாமான்களாக எடுத்துக்கொண்டிருப்பார். பிறகு கடல்சிங்கம் மாதிரி கையைத் தட்டி, வரிசையாக மாட்டிய குழல்களை வாயால் ஊதுவார். பக்கத்தில் நின்று டெஸி தவிப்பார். அரங்குகள் அதிர்ந்தன. பயணம் நடந்த அந்தக் கோடையிலேயே லூசிலுக்கு ஒரு கர்ப்பம் கலைந்தது.

சான்றிதழ் கேட்டவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. டிக்கெட் எடுத்து வந்த ஜனம் அந்தத் தம்பதியைத் தம்பதியாகவே ஏற்றுக்கொண்டது. சொந்தக் கல்யாணத்தை நிரூபிக்க ஊர் ஊராகப் போய் வித்தை காட்ட வேண்டியிருந்தது என்ற அசிங்கம் மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. மேசை இளகியது. ஜனம் கைதட்டியது ஒரு காரணம். இன்னொரு சேனல் இவர்களைத் தட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற கவலை இன்னொரு காரணம். இரண்டில் எது பெரிய காரணம் என்பதை, தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1951 மார்ச் 2, டெஸியின் பிறந்தநாள். அன்றைக்கு முன்னோட்ட எபிசோடைப் படமாக்கினார்கள். ஒரு நாள் கூத்து. கணவன் ஒரு டிவி நிகழ்ச்சிக்குத் தயாராகிறான், மனைவி அதில் நுழையத் துடிக்கிறாள், அடிபட்ட கோமாளிக்குப் பதில் தானே வேஷம் கட்டிப் போய் நிற்கிறாள். பெபீட்டோதான் அந்தக் கோமாளி. லூசில் அப்போது மறுபடியும் கர்ப்பம். ஜூலையில் மகள் பிறக்கப் போகிறாள். வயிற்றைத் தொளதொள உடைக்குள் மறைத்துக்கொண்டுதான் குதித்து விழுந்து நடித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் ஆபாசப் பீதிக்கு இது தேவைப்படும்.

அந்த முன்னோட்டத்தைத் தூக்கிக்கொண்டு விளம்பரதாரர்களிடம் அலைந்தார்கள். யாரும் உடனே பாய்ந்து வாங்கவில்லை. கடைசியில் மில்டன் பயோ என்ற விளம்பர ஏஜென்சிக்காரர் கைக்கு வந்தது. அவர் தன் நண்பரான ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனிடம் போட்டுக்காட்டினார் என்று ஒரு கதை அந்தத் தொழிலில் வழங்கி வருகிறது. ஹாமர்ஸ்டைன் சொன்ன புத்திமதி இது: செம்பட்டைக்காரியை வைத்துக்கொள், கியூபாக்காரனைக் கழற்றிவிடு. இரண்டு பேரும் சேர்ந்துதான் கிடைப்பார்கள் என்றதும், சரி, அவனைப் பாட மட்டும் விடாதே என்றாராம்.

இந்த ஹாமர்ஸ்டைன் யார் தெரியுமா? இனவெறியைச் சாடும் 'சவுத் பசிபிக்' என்ற இசை நாடகத்தின் பாடலாசிரியர். 1949இல் மேடையேறியது, 1950இல் புலிட்சர் பரிசு வாங்கியது. வெறுப்பு பிறவியில் வருவதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வருகிறது என்று மேடையில் உருகவைத்த மனிதர். கதை உண்மையென்றால், படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். மேடையில் வெறுப்பைத் திட்டினால் பரிசு, தனி அறையில் அதையே ஆலோசனையாகச் சொன்னால் அனுபவ ஞானம். டெஸி கடைசிவரை பாடினார். 'பபாலு' என்று அவர் டிரம்மைத் தட்டிக்கொண்டு கத்துவதைத்தான் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னதும் ஆட்கள் நடித்துக்காட்டுகிறார்கள்.

விளம்பரதாரராக வந்து சேர்ந்தது பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி. வந்ததும் வராததுமாக ஒரு நிபந்தனை. நியூயார்க்கிலிருந்து நேரலையில் போட வேண்டும். டிவி பெட்டிகள் பெரும்பாலும் கிழக்கே இருந்தன, சிகரெட் வாங்குகிறவர்களும் அங்கேதான். கலிஃபோர்னியாவிலிருந்து நேரலையில் போட்டால் கிழக்கே போவது கினஸ்கோப், அதாவது டிவி திரையைக் கேமராவால் படம்பிடித்து எடுத்த மங்கல் நகல். மங்கலான முகத்தைப் பார்த்துக்கொண்டு எவன் சிகரெட் வாங்குவான்? ஆனால் லூசிலும் டெஸியும் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டை விட்டு நகரத் தயாராக இல்லை. கைக்குழந்தையோடு நியூயார்க்கில் போய்க் குடியேறுவதற்கா இந்தப் பாடு?

சினிமா மாதிரி ஃபிலிமில் எடுத்து இரண்டு கரைக்கும் தெளிவான பிரதி அனுப்புகிறோம் என்றார்கள். ஃபிலிமுக்குச் செலவு கூடும். கூடுதல் பணத்தில் ஒரு பங்கைச் சிபிஎஸ்ஸும் சிகரெட் கம்பெனியும் ஏற்றுக்கொண்டு, மீதிக்கு உங்கள் சம்பளத்தில் வாரம் 1000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். டெஸி ஒரு வினாடி யோசித்திருப்பார். குறைத்துக்கொள்கிறேன், ஆனால் ஒளிபரப்பு முடிந்த பிறகு படச்சுருள்கள் எங்களுக்குச் சொந்தம் என்றார். கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை யார் மறுபடி பார்க்கப் போகிறார்கள்? படிக்காத இசைக்குழுக்காரன், வெத்து டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான் என்று அன்றைக்கு ராத்திரி மேசையில் சந்தோஷமாகச் சிரித்திருப்பார்கள். மக்கள் எதை ஏற்பார்கள் என்று தெரிந்த வாய்க்கு மக்கள் எதைத் திரும்பப் பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

ஹாலிவுட்டில் ஒரு பழைய ஸ்டூடியோவை வாடகைக்குப் பிடித்தார்கள். தெருப்பக்கச் சுவரை இடித்து வாசல் வைத்து, முந்நூறு பேர் உட்கார நாற்காலி போட்டார்கள். லூசிலுக்கு எதிரே ஜனம் உட்கார்ந்து சிரித்தால்தான் வேகம் வரும். ஜனத்தை வைத்துக்கொண்டு ஃபிலிமில் எடுப்பது எப்படி? மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். நெருக்கக் காட்சிக்கு ஒரு விளக்கு, தூரக் காட்சிக்கு ஒரு விளக்கு என்று மாற்ற அவகாசம் கிடையாது. 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' ஜெர்மன் படத்தில் கேமரா பிடித்த கார்ல் ஃப்ராய்ண்ட் என்ற பெரியவரைப் போய்ப் பிடித்தார்கள். ஆகாது என்றுதான் அவரும் ஆரம்பித்தார். பிறகு தரையில் விளக்குத் தண்டுகளே இல்லாமல், எல்லா விளக்குகளையும் மேலே தொங்கவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகம் ஒரே சீராகத் தெரிகிற ஓர் ஒளியமைப்பைச் செய்து காட்டினார். கேமரா வண்டிகள் குலுங்காமல் உருளத் தரையை வழவழப்பாக்கினார்கள். இரண்டு ஆகாதுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் ஆகாது என்றால் அடுத்து எப்படி ஆக்கலாம் என்று யோசிக்கிறார். மேசைக்காரர் ஆகாது என்றால் அடுத்து காபி குடிக்கிறார்.

முதல் படப்பிடிப்பு 1951 செப்டம்பர் 8. ஜனம் வந்து காத்திருக்கிறது. சுகாதாரத் துறை ஆள் வந்து நிற்கிறார்: பெண்களுக்குக் கழிவறை இல்லை, ஆரம்பிக்கக் கூடாது. என் ஒப்பனை அறைக் கழிவறைக்கு அனுப்புங்கள் என்று லூசில் சொல்லிவிட்டார். எதிர்ப்புகளிலேயே நியாயமான எதிர்ப்பு இது ஒன்றுதான், அதுதான் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. அன்றைக்கு எடுத்த எபிசோடு நவம்பரில் நாலாவதாகத்தான் போனது. முதலில் ஒளிபரப்பானது வேறொன்று, அக்டோபர் 15, திங்கள் ராத்திரி.

பக்கத்து வீட்டு ஃபிரெட்டாக நடித்த வில்லியம் ஃப்ராலியையும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பெரிய குடிகாரர் என்ற பேர். குடித்துவிட்டு வேலையைக் கெடுத்தால் அனுப்பிவிடுவேன் என்று அவரிடமே நேரில் சொல்லி டெஸி சேர்த்துக்கொண்டார். அவர் மனைவியாக நடித்த விவியன் வான்ஸுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. அந்தக் கடுப்பும் திரையில் நன்றாகவே வேலை செய்தது.

முதல் பருவத்திலேயே நாட்டில் மூன்றாம் இடம், அடுத்த பருவத்தில் முதலிடம். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை, ராத்திரி நேரம் நீட்டித்துத் திறக்கும் நாளைத் திங்களிலிருந்து வியாழனுக்கு மாற்றிக்கொண்டது. திங்கள் ராத்திரி கடைக்கு வர ஆளில்லை. ஏற்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட மக்கள் அவரவர் வீட்டில் கியூபாக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மக்களின் நுட்பத்துக்கு ஒரு சின்னச் சான்று. டெஸியின் உச்சரிப்பைக் கேலி செய்யும் வசனங்களை எழுதினார்கள். லூசி கேலி செய்தால் அரங்கம் வெடித்தது. வேறு எந்தப் பாத்திரம் கேலி செய்தாலும் அரங்கம் மௌனமாகிவிட்டது. எழுத்தாளர்கள் உடனே புரிந்துகொண்டு, அந்தக் கேலியை லூசிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். பெண்டாட்டி புருஷனைக் கிண்டல் பண்ணலாம், ஊரான் பண்ணக் கூடாது. காசு கொடுக்காமல் வந்து உட்கார்ந்த முந்நூறு பேருக்கு இருந்த இந்த விவஸ்தை, சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகாவது திருந்தினார்களா? 1952இல் லூசில் மீண்டும் கர்ப்பமானார். இந்தத் தடவை தொளதொளச் சட்டைக்குள் மறைக்க முடியாது. கதையிலும் லூசிக்குக் குழந்தை பிறக்கட்டும் என்றார்கள் டெஸியும் தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமரும். மேசை முழுக்க ரத்தக் கொதிப்பு. சிபிஎஸ், ஏஜென்சி, சிகரெட் கம்பெனி மூன்றும் ஒரே குரலில் கூடாது என்றன. நாற்காலிக்குப் பின்னால் நிற்கவையுங்கள், மேசைக்குப் பின்னால் உட்காரவையுங்கள், ஒன்றிரண்டு எபிசோடோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று யோசனைகள் வந்தன.

ஏன் என்று கேட்டால், அந்தத் தொடரின் படுக்கையறையைப் பார்க்க வேண்டும். நிஜத்தில் தாலி கட்டாத குறையாக மோதிரம் மாற்றிய தம்பதிக்குத் திரையில் இரண்டு ஒற்றைக் கட்டில். சில எபிசோடுகளில் ஒட்டிக் கிடக்கும், சிலவற்றில் நடுவில் ஓர் ஆள் நடந்து போகலாம். அந்த இடைவெளியைத் தாண்டிக் கர்ப்பம் எப்படி வந்தது என்று குழந்தைகள் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். வேறொன்றும் இல்லை.

இந்த ஒழுக்கத்தைக் காக்கக் கிளம்பியவர்கள் யார் என்பதை இங்கே உரக்கச் சொல்ல வேண்டும். சிகரெட் விற்பவர்கள். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் லூசி, டெஸி இருவரையும் கார்ட்டூன் பொம்மைகளாக்கி, ஆளுயரச் சிகரெட் பெட்டியின் மேல் ஏறவிட்டவர்கள். தம்பதியையே பற்றவைத்துப் புகைவிடச் செய்து விளம்பரம் எடுத்தவர்கள். லூசில் நிஜத்தில் புகைத்தது செஸ்டர்ஃபீல்ட், அதைப் பிலிப் மாரிஸ் பெட்டிக்குள் மாற்றிப் போட்டு வைத்துக்கொள்வார் என்று சொல்வார்கள். வாரா வாரம் குழந்தைகள் உட்பட வீடே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் நெஞ்சுக்குள் புகையை இழுத்து விடுவது குடும்பப் பொழுதுபோக்கு. ஒரு பெண்ணின் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருப்பது விரசம். நுரையீரலுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாதல்லவா, அதனால் அது கண்ணியம்.

டெஸி 1986 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயில் செத்தார். எந்தக் கம்பெனியின் எந்தச் சுருட்டு, எந்தச் சிகரெட் என்று கணக்குப் போட நான் வரவில்லை. ஆனால் 1952இல் மேசையில் எது ஆபத்து என்று பேசப்பட்டது, எது பேசப்படவில்லை என்பது பதிவில் இருக்கிறது.

சிகரெட் கம்பெனியின் தலைவர் ஆல்ஃப்ரெட் லயன்ஸுக்கு டெஸி நேரடியாகக் கடிதம் எழுதினார். உங்களுக்கு நாட்டின் முதலிடத்தைக் கொடுத்திருக்கிறோம், எது போட வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்ய விடாவிட்டால் அந்த இடத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது சாரம். அதற்குப் பிறகு எதிர்ப்பு மாயமாக மறைந்தது. அந்தக் கியூபாக்காரனோடு வம்பு வேண்டாம் என்று லயன்ஸ் தன் ஆட்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தார் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டதாக டெஸி சொல்லியிருக்கிறார். வம்பு என்ற இடத்தில் அவர் போட்ட வார்த்தையைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஒழுக்கத்தைக் காப்பாற்றியவர்களின் அலுவலக மொழி அது.

அப்படியும் ஒரு கயிறு கட்டித்தான் விட்டார்கள். கர்ப்பம் என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. எதிர்பார்த்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். எபிசோடின் தலைப்பில் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றினார்கள். இதெல்லாம் போதாதென்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரப்பி ஆகிய மூவரிடமும் ஸ்கிரிப்ட்கள் போய்வந்தன. மூன்று மதங்களும் ஒத்துக்கொள்ளும் விஷயம் உலகத்தில் அபூர்வம். இதில் ஒத்துக்கொண்டார்கள்: மாற்ற ஒன்றும் இல்லை. கடவுளின் ஆட்களுக்கு ஆட்சேபணை இல்லாத ஒன்றில் சிகரெட்டின் ஆட்களுக்கு ஆட்சேபணை.

அந்த எபிசோடு 1952 டிசம்பர் 8 அன்று ஒளிபரப்பானது. சேதியைக் கணவனிடம் சொல்ல லூசி நாள் முழுக்க முயல்கிறாள், ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து கெடுக்கிறார்கள். கடைசியில் அவன் பாடும் கிளப்புக்கே போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்துகொள்கிறாள். இங்கே ஒரு தம்பதிக்குக் குழந்தை பிறக்கப்போகிறதாம், அவர்களுக்காக ஒரு பாட்டு வேண்டும் என்று பெயரில்லாத ஒரு சீட்டு அவன் கைக்கு வருகிறது. மேசை மேசையாகப் போய் நீங்களா, நீங்களா என்று கேட்டுக்கொண்டே வருகிறான். அவள் மேசைக்கு வந்ததும் அவள் தலையை ஆட்டுகிறாள். டெஸிக்குப் பாட்டு வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. லூசில் அழுதார். ஸ்கிரிப்டில் அழுகை கிடையாது. வேறு மாதிரி ஒருமுறை எடுக்கலாமா என்று பேச்சு வந்தும் அழுத காட்சியையே வைத்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் யாருக்கும் ஒழுக்கம் கெட்டதாகத் தகவல் இல்லை.

1953 ஜனவரி 19. திரையில் லூசிக்குப் பிரசவம். அன்று காலையில் நிஜ லூசிலுக்கு அறுவை சிகிச்சையில் மகன் பிறந்திருந்தான். 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். டிவி வைத்திருந்த வீடுகளில் 71.7 சதவீதம். மறுநாள் நாட்டின் ஜனாதிபதியாக ஐசனோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2.9 கோடி. போரை ஜெயித்த தளபதியைவிட, நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்ன வயிற்றுக்கு ஒன்றரைக் கோடிப் பேர் அதிகம்.

தொடரையே தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. ஒரு ஸ்டூடியோவுக்குப் பாதி முதலாளியான பெண், திரையில் வாரா வாரம் புருஷனிடம் காசுக்கும் மேடையேற அனுமதிக்கும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தப்பு செய்தால் மடியில் குப்புறப் போட்டு அடிக்கிற காட்சிகளும் அதில் உண்டு, ஜனம் அதற்கும் சிரித்தது. அந்த அடியை மக்கள் ஏற்பார்களா என்று எந்த மேசையும் எந்த ரப்பியிடமும் கேட்டு அனுப்பவில்லை.

வெத்து டப்பாக்களின் கதை பாக்கி இருக்கிறது. பிரசவ ஓய்வில் லூசில் இருந்தபோது பழைய எபிசோடுகளை எடுத்து மறுபடி போட்டார்கள். ஜனம் மறுபடி பார்த்தது. ஒருமுறை ஓடியதும் செத்துப்போகும் என்று தூக்கிக்கொடுத்த படச்சுருள்களை, தொடர் முடிகிற சமயத்தில் சிபிஎஸ் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கியது. வாரம் 1000 டாலர் மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனத்தின் வட்டி அது. டெஸிலு கம்பெனி 1957இல் ஆர்கேஓ ஸ்டூடியோக்களை அறுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. லூசிலும் டெஸியும் ஒருகாலத்தில் சம்பளத்துக்கு நடித்த இடம், முதன்முதலில் சந்தித்துக்கொண்ட இடம். மேசையில் இருந்தவர்களில் யாராவது வேலையை இழந்தார்களா என்று தேடிப் பார்க்க வேண்டாம். அந்த வேலையில் தப்பாகச் சொன்னதற்குத் தண்டனை கிடையாது.

முன்னோட்ட எபிசோடு என்ன ஆனது? 1951இல் ஊரெல்லாம் சுமந்து விற்ற அந்தப் படச்சுருள் பல பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. பெரிய நிறுவனங்களின் பெட்டகங்களில் இல்லை. கோமாளி பெபீட்டோவுக்கு நன்றியாக ஒரு பிரதி கொடுத்திருந்தார்கள், அவர் இறந்த பிறகு அவர் மனைவி அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். 1990இல் சிபிஎஸ் அதை வாங்கிச் சிறப்பு நிகழ்ச்சியாகப் போட்டது. கியூபாக்காரர் பாடும் பாட்டை வெட்டவில்லை, நடுநடுவே விளம்பர இடைவேளை விடவும் மறக்கவில்லை.